தோப்பியும் லாகரும்: படவேட்டில் வாங்கிய ஒரு பாட்டிலை முன்வைத்து

படவேட்டுக்குப் போனது சம்புவராயர்களுக்காக. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தொண்டை மண்டலத்தின் பெரும்பகுதியை ஆண்டவர்களின் தலைநகரம் இன்றைக்கு வாழைத்தோப்புக்கும் ஜவ்வாதுமலைச் சரிவுக்கும் நடுவே கோயில் கோயிலாகச் சிதறிக் கிடக்கிறது. ரேணுகாம்பாள் கோயிலில் கூட்டம் இருக்கிறது, மற்ற இடங்களில் ஆடு மேய்கிறது. அந்தக் குறிப்புகள் தனிப் பதிவாக வரும். இது வேறு விஷயம்.

மாலையில் மலையடிவாரத்தை விட்டு இறங்கி வரும் வழியில், ஒரு சின்ன ஊரின் அரசு மதுக்கடையில் நின்றேன். கம்பி வலைக்குள் அடுக்கியிருந்த பாட்டில்களில் ஒன்றின் பெயரை அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. லேபிளில் ‘கிராஃப்ட் லாகர்’ என்று போட்டிருந்தது.

“அண்ணே, இது புதுசா? எப்படி இருக்கும்?”

“எல்லாம் ஒண்ணுதாம்பா. இது கூலிங்ல இருக்குது, எடுத்துக்கோ.”

பெயரைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு வெப்பநிலை பதிலாக வந்தது. நம் ஊரில் பீர் குடிக்கிற யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். பிராண்டு இரண்டாம் பட்சம், கூலிங் இருக்கா என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கடைக்காரர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, லாகரின் வரலாறு முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

முதலில் பாட்டில். 650 மி.லி. ‘ஸ்ட்ராங்’ வகை, 8 சதவீதத்துக்கு மிகாத ஆல்கஹால். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் 5 சதவீதத்துக்கு மேல் 8 வரை போனால் ஸ்ட்ராங். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் நல்ல பொன் நிறம், வெள்ளை நுரை, சீக்கிரமே அடங்கிவிட்டது. முதல் வாய் ஜில்லென்று, சோளப்பொரி மாதிரி ஒரு லேசான இனிப்போடு இறங்கியது. ஹாப்ஸின் கசப்பு எங்கோ தூரத்தில் கேட்கிற மேளம் மாதிரி. சும்மா சொல்லக் கூடாது, மோசமில்லை. ஆனால் கால் மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு மறுபடி குடித்தபோது ஆள் மாறிவிட்டார். இனிப்பு திகட்டியது, ஸ்பிரிட் வாடை மேலே வந்தது. குளிர் எதையெல்லாம் மறைத்து வைத்திருந்தது என்று அப்போது தெரிந்தது. நல்ல லாகர் சூடானாலும் கொஞ்சம் மரியாதையாகத்தான் நடந்துகொள்ளும்.

‘கிராஃப்ட்’ என்ற சொல்லை நம்பி இதைச் சிறு பட்டறைச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் ஆண்டுக்கு 60 லட்சம் பேரல் வரை காய்ச்சுகிறவரையும் கிராஃப்ட் வரிசையில் சேர்த்துக்கொள்கிறது. அவர்கள் பேரல் ஒன்றுக்குச் சுமார் 117 லிட்டர். பெருக்கிப் பார்த்தால் 70 கோடி லிட்டர். ‘சின்னது’ என்பதற்கு அங்கே அளவு அது.

‘லாகர்’ என்ற சொல்லுக்கு வருவோம். ஜெர்மன் மொழியில் ‘லாகர்ன்’ என்றால் சேமித்து வைப்பது. பீரைக் காய்ச்சி, ஈஸ்ட் போட்டு, 7 முதல் 13 டிகிரி செல்சியஸில் மெதுவாக நொதிக்க விட்டு, பிறகு கிட்டத்தட்ட உறைநிலைக்கு அருகில் வாரக்கணக்கில் சும்மா வைத்திருப்பார்கள். வேலையே அந்தச் சும்மா இருப்பதில்தான். கலங்கல் அடியில் படியும், முரட்டு வாசனைகள் போகும், தெளிந்த திரவம் மேலே நிற்கும். பவேரியாவில் 1553இல் கோடையில் பீர் காய்ச்சவே தடை போட்டார்கள். செப்டம்பர் 29க்கும் ஏப்ரல் 23க்கும் நடுவில் மட்டும்தான் காய்ச்சலாம். கோடை பீர் கெட்டுப்போகிறது என்பதுதான் காரணம். அப்படிக் குளிர்காலத்தில் மட்டுமே காய்ச்சிக் காய்ச்சி, குளிரைத் தாங்குகிற ஒரு ஈஸ்டுக்கு அங்கே ராஜபாட்டை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஈஸ்ட் ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர் ரொட்டிக்கும் சாதாரண பீருக்கும் பயன்படும் ஈஸ்ட். இன்னொரு பெற்றோர் யார் என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 2011இல் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில், பீச் மரத்தின் முடிச்சுகளில் அதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு திபெத்திலும் அது கிடைத்தது. இந்த லாகர் ஈஸ்டைத் தனி ஒரு செல்லிலிருந்து தூய்மையாக வளர்த்தெடுத்தவர் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த எமில் ஹான்சென், 1883இல். அதற்குப் பத்தாண்டு முன்னால்தான் கார்ல் லிண்டேயின் குளிர்பதன இயந்திரம் மியூனிக்கின் ஸ்பாட்டன் ப்ரூவரிக்குள் போனது. நம் வீட்டு ஃபிரிட்ஜின் பூட்டன் ஒரு பீர் தொழிற்சாலையில் பிறந்தவர். இயந்திரக் குளிரும் தூய ஈஸ்டும் சேர்ந்த பிறகு லாகரை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் காய்ச்சலாம் என்றாயிற்று.

அதற்கு முன்பு சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்கள் என்ன செய்தார்கள்? கப்பலில் வந்த இங்கிலாந்து பீரை வெடியுப்பு கரைத்த தண்ணீரில் பாட்டிலோடு இறக்கிக் குளிர்வித்தார்கள். வெடியுப்பு கரையும்போது தண்ணீரின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். முகலாயர் அரண்மனையில் ஏற்கெனவே இருந்த வித்தை அது. துரை வீடுகளில் இதற்கென்றே ‘ஆப்தார்’ என்று ஒரு வேலைக்காரர் இருந்தார். 1833இல் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போக 100 டன் அளவில் கரை சேர்ந்தது. அடுத்து சென்னை. 1842இல் கடற்கரையில் கட்டிய பனிக்கட்டிக் கிடங்குதான் இன்றும் நாம் ஐஸ் ஹவுஸ் என்று சொல்கிற கட்டடம். பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கியதால் விவேகானந்தர் இல்லம் ஆனது. துரைமார்களின் மதுவைக் குளிர்விக்கக் கட்டிய கிடங்கு சன்னியாசியின் பெயரில் நிற்பதை எந்த நாவலாசிரியராவது கற்பனை செய்திருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

இங்கேயே காய்ச்ச வேண்டுமென்றால் மலைக்குத்தான் போக வேண்டும். இமயமலைச் சரிவில் கசௌலியில் 1850களில் ப்ரூவரி வைத்தவர் எட்வர்ட் டயர். ஜாலியன்வாலாபாகில் சுட்ட டயரின் அப்பா. தெற்கே அதே வேலைக்கு நீலகிரி. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நீலகிரி, பெங்களூர் என்று தென்னிந்தியாவில் இருந்த ஐந்து ப்ரூவரிகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தை ஆரம்பித்தார். பெரிய பெரிய மரப்பீப்பாய்களில் ஊற்றி, மாட்டுவண்டியில் ஏற்றி, ராணுவத்துக்கு விற்றார்கள். பின்னாளில் கிங்ஃபிஷர் வந்தது அந்தக் குடும்பத்திலிருந்துதான்.

ஜவ்வாதுமலையில் ஏன் ஒரு ப்ரூவரியும் வரவில்லை என்று இங்கே நின்று யோசிக்கத் தோன்றியது. பதில் எளிது, உயரம் போதாது. இதே மலைத்தொடரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஜவ்வாதுமலையின் குளிர் போர்வைக்குப் போதும், லாகருக்குப் போதாது. பக்கத்தில் பெரிய வெள்ளைக்காரக் குடியிருப்பும் இல்லை.

இவ்வளவையும் படித்தால் பீர் என்பது மேலேயிருந்து, வெளியிலிருந்து நமக்கு வந்த பொருள் என்றுதான் தோன்றும். அரசு ஆவணமும் அப்படித்தான் சொல்கிறது. டாஸ்மாக் விற்பதெல்லாம் பொதுவாக ‘அயல்நாட்டு மதுபானம்’ என்ற தலைப்பின்கீழ்தான் வருகிறது. இங்கேதான் எனக்குச் சிக்கல்.

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த வட்டாரத்துப் பாட்டு. அதன் தலைவன் செங்கண்மாவில் இருந்த நன்னன். அந்தச் செங்கண்மாதான் ஜவ்வாதுமலையின் தெற்கடிவாரத்தில் இருக்கும் இன்றைய செங்கம். கூத்தர்களுக்கு வழி சொல்லும் புலவர், எந்த ஊரில் என்ன சோறு, என்ன குடி கிடைக்கும் என்றும் சொல்லிக்கொண்டே போகிறார். மலையில் மூங்கில் குழாயில் விளைந்த தேன் தேறல். விடியற்காலையில் முந்தைய நாள் மயக்கம் தெளிய வேண்டும் என்ற அக்கறையும் அதில் உண்டு. ஹேங்ஓவர் பற்றி 1,500 ஆண்டுகளுக்கு மேல் பழைய வழிகாட்டி நம் கையில் இருக்கிறது. வயலுக்கு இறங்கினால் களந்தோறும் பானையிலிருந்து வார்க்கிற தேறல், அதுவும் இளவெயில் நேரத்தில்.

செய்முறை வேண்டுமானால் பெரும்பாணாற்றுப்படைக்குப் போக வேண்டும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது, ஆக இதுவும் தொண்டை நாட்டுச் சமாச்சாரம். வலைஞர் குடியில் செய்கிற விதம் இது: கொழியாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி ஆற வைக்கிறார்கள். புற்றாஞ்சோறு மாதிரி தோற்றமுள்ள ஓர் அடையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விடுகிறார்கள். பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்கிறார்கள். நச்சினார்க்கினியர் அந்த அடையை, நல்ல முளையை இடித்துச் சேர்ப்பது என்று விளக்குகிறார். அவர் 14ஆம் நூற்றாண்டுக்காரர் என்பது பொதுவான கணிப்பு. படவேட்டில் சம்புவராயர் கொடி பறந்த காலத்தை ஒட்டியவர்.

முளையை இடித்துச் சேர்த்தால் அதுதான் மால்ட். தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் உண்டாகின்றன. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக்குகிறது. பில்சனில் 1842இல் ஜோசப் க்ரோல் பார்லியில் செய்ததும் இதே வேதியியல்தான். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. அந்த அடையின் மேற்புறம் பூத்ததுபோல் இருந்ததாகப் பாட்டு சொல்கிறது. முளைமாவில் பூஞ்சை பூத்த ஒரு உறைக்கட்டியாக, ஜார்க்கண்டில் ஹண்டியாவுக்குப் போடும் ‘ரானு’ மாத்திரை போல, அது இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். உரைக்காரர் சொல்வது முளைதான். எப்படியானாலும் தானியத்தை நொதிக்கவைத்துக் குடிப்பதை எந்த வெள்ளைக்காரனும் வந்து கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அரிசியில் வீட்டிலேயே செய்த இந்த வகைக் கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். அகநானூற்றில் நடுகல்லுக்குப் பீலி சூட்டி, துடி அடித்து, தோப்பியும் ஆட்டுப்பலியும் கொடுக்கும் காட்சி ஒன்று வரும். செங்கம் வட்டாரம் தமிழ்நாட்டு நடுகற்களின் சுரங்கம். மாநிலத் தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனித் தொகுப்பே வெளியிட்டது. ஆநிரை மீட்டுச் செத்தவர்களின் கற்கள் அந்த வயல்வெளிகளில் இன்னும் நிற்கின்றன. அவற்றின் முன்னால் ஊற்றிய தானியக் கள் மட்டும் மறைந்துவிட்டது.

பழைய சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அரிப்பதால் அரியல், பிழிவதால் பிழி, தெளிவதால் தேறல். ஒவ்வொன்றும் ஒரு வேலையின் பெயர். லாகரும் அப்படித்தானே, சேமிப்பதால் லாகர்? பாரியின் பறம்பைப் பாடுகிற புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறல் வருகிறது. வைத்திருந்து, முதிர்த்து, தெளிய விடுவது என்கிற எண்ணம் பவேரியாவின் பாறைக் குகைக்கும் பறம்பின் மண்ணுக்கும் பொது. வித்தியாசம் தெர்மாமீட்டரில். நம் சமவெளியில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் மண் அந்த ஊரின் சராசரி வெப்பத்தில்தான் இருக்கும், அதாவது 27, 28 டிகிரி. அங்கே லாகர் ஈஸ்டுக்கு வேலையில்லை. ஆகவே லாகரில் அயல்நாட்டுச் சரக்கு எது என்று கறாராகக் கேட்டால் குளிரும் ஹாப்ஸும் பார்லியும்தான். முளைகட்டுவதும் நொதிக்க விடுவதும் தெளிய வைப்பதும் இந்த ஊருக்குத் தெரியும். லாகருக்குத் தமிழில் ஒரு சொல் தேவையென்றால் ‘தேறல்’ என்றே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

பிறகு தோப்பி எங்கே போனது? ஒரே நாளில் போகவில்லை. அரசுக்கும் குடிக்கும் உள்ள உறவு பழையது. பல்லவ, சோழச் செப்பேடுகளில் கள்ளிறக்குவோர் மீதான ‘ஈழம்பூட்சி’ வரி வருகிறது. ஆனால் அந்த வரி மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தென்னையும் பனையும் எண்ணக்கூடியவை. வீட்டுப் பானையை எண்ணுவது கஷ்டம். ஆங்கிலேயர் அதையும் எண்ண முயன்றார்கள். 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தில் லைசென்ஸ் இல்லாமல் எதையும் காய்ச்சக் கூடாது என்று ஆனது. குடியை ஒரு சில ஆலைகளுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் குவித்துக் கொடுத்தால்தான் வருமானம் கைக்கு வரும். அரிசிக் களியைத் தன் வீட்டில் இரண்டு நாள் வைத்திருக்கும் பெண்ணிடமிருந்து சர்க்கார் என்ன வசூலிக்க முடியும்?

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. இன்றைக்கு ஜிஎஸ்டி கட்டும்போது அதன் தாத்தா ஒரு மதுவிலக்கு என்பதை நினைத்துக்கொள்ளலாம். 1948இல் மாகாணம் முழுக்க. 1971இல் கருணாநிதி தளர்த்தினார், 1973-74இல் கள்ளும் சாராயமும் மறுபடி மூடப்பட்டன. 1981இல் எம்ஜிஆர் திறந்தார், 1983இல் டாஸ்மாக் உருவானது, 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையும் அரசின் கையில்.

இந்தத் தேதிகளை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பலர் உண்டு. ஆனால் 1987இல் என்ன தங்கியது என்று பார்க்க வேண்டும். நாட்டுச் சரக்கு என்று பெயர் வாங்கியவை போயின, அயல்நாட்டுச் சரக்கு என்று பெயர் வாங்கியவை நின்றன. சாராயம் போனது ஒரு கணக்கு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கூடவே லேசான கள்ளும் போனது. பிராந்தியும் ரம்மும் நின்றன. அயல்நாட்டு என்ற பெயரில் இவற்றில் பெரும்பகுதி நம் கரும்பு மொலாசஸ் ஸ்பிரிட்தான் என்பது ஊரறிந்த ரகசியம். பீர் என்ற பெயரில் நின்றதிலும் வலு கூடியதற்குத்தான் மவுசு. 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய்.

குடியைப் பெருமை பேச இதை எழுதவில்லை. பாட்டிலின் மேல் வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று அச்சடித்திருப்பது உண்மை, அதைப் படித்துவிட்டுத்தான் திறந்தேன். படவேட்டிலிருந்து பேருந்தில் வரும்போது வழியில் பார்த்த சில காட்சிகளை எழுத மனம் வரவில்லை. ஆனால் 2024 ஜூனில், ஜவ்வாதுமலைக்குத் தெற்கே கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். அவர்களைக் கொன்ற மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. பானையில் அரிசியும் முளையும் சேர்ந்து அப்படிக் கொல்லாது. லேசானது சட்டத்துக்கு வெளியே போனால் குடிப்பவன் குடிப்பதை நிறுத்துவதில்லை. ஒன்று பாட்டிலுக்குப் போகிறான், காசில்லாதபோது பாக்கெட்டுக்குப் போகிறான்.

மற்ற ஊர்களில் வேறு வழிகளும் பார்த்திருக்கிறார்கள். அசாமின் திமாசா மக்கள் அரிசியில் செய்யும் ஜூடிமாவுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெங்களூரில் 2010இல் ‘டாய்ட்’ திறந்ததிலிருந்து கடைக்குள்ளேயே காய்ச்சி ஊற்றும் மைக்ரோப்ரூவரிகள் வரிசையாக வந்தன. அங்கே நான் குடித்த ஒரு லாகர் இந்தப் படவேட்டு பாட்டிலைவிட வலு குறைவு, ருசி அதிகம், விலை நம்மால் அடிக்கடி முடியாது. ஆக அதுவும் ஐடி சம்பளக்காரர்களுக்கான தேறலாகத்தான் இருக்கிறது. கூலிக்குப் போகிறவருக்கு லேசானதும் மலிவானதும் நல்லதுமான ஒன்று இரண்டு மாநிலத்திலும் இல்லை.

ஜவ்வாதுமலை இன்றைக்கும் சாமைக்குப் பேர்போனது. மலையாளிப் பழங்குடியினரின் நிலங்களில் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. முளைகட்டிய சிறுதானியங்களில் நொதி வலு நன்றாக இருப்பது கேழ்வரகில். அதனால்தான் ‘ராகி மால்ட்’ என்ற சொல் நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிறது, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சித் தருகிறோம். போளூர் மளிகைக் கடை ஒன்றில் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, அன்றைக்கே குடித்தால் சத்துணவு. அதையே பெரும்பாணாற்றுப்படைக் கணக்கில் இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விட்டால், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி குற்றம். நான் அன்றைக்கே குடித்துவிட்டேன்.

சம்புவராயர் குறிப்புகள் அடுத்த பதிவில். யோக ராமர் கோயில் படங்கள் சில நன்றாக வந்திருக்கின்றன.